மண்ணீரல் பெரிதாகிறது, பிள்ளை வளரவில்லை: அரிவாள் செல் நோயின் குழந்தைப் பருவம்

மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கை வைத்துக்கொண்டது. அந்த 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், எத்தனை பேருக்கு நோய் இருந்தது என்ற கணக்குகளைச் செய்திகளில் படிக்கிறோம். ஆனால் 'நோய் உள்ளது' என்று எழுதிய அட்டையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பெற்றோரின் குழப்பம் வேறு வகையானது. பிள்ளைக்கு எடை ஏறவில்லை. இடது விலாவுக்குக் கீழே ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது. ஒரு மருத்துவர் "மண்ணீரல் பெரிதாக இருக்கிறது" என்கிறார். இன்னொருவர் "மண்ணீரல் வேலை செய்யவில்லை, பென்சிலினை நிறுத்தாதீர்கள்" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று பெற்றோருக்கு விளங்குவதில்லை.

இருவர் சொல்வதும் சரி. அளவில் பெரிதாக இருக்கும் உறுப்பு செயலில் இல்லாமலே போயிருக்கலாம் என்பதும், அதே உறுப்பு பிள்ளையின் வளர்ச்சியையே தின்றுகொண்டிருக்கலாம் என்பதும் இந்த நோயின் தனித்தன்மைகள்.

சிவப்பணு அரிவாளாவது எப்படி?

இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அரிவாள் செல் நோயில் அங்கே வாலின் என்ற வேறொரு அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. இப்படி மாறிய ஹீமோகுளோபினுக்கு 'ஹீமோகுளோபின் எஸ்' என்று பெயர். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமாகவும் மென்மையாகவும் இருந்த சிவப்பணு விறைத்து, கதிரறுக்கும் அரிவாளைப் போல வளைந்துவிடுகிறது. நலமான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாள் செல் நோயில் அதன் ஆயுள் 10 முதல் 20 நாள்தான். வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணுக்குத் திரும்பி வருவோம்.

மாறிய மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கே நோய் வருகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் 'தாங்கி'. பெற்றோர் இருவரும் தாங்கிகளாக இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீதமும், தாங்கியாகப் பிறக்க 50 சதவீதமும் வாய்ப்பு உண்டு. இங்கே சொல்லப்போகும் மண்ணீரல், வளர்ச்சிச் சிக்கல்கள் நோயுள்ள குழந்தைகளுக்கு உரியவை. தாங்கிகள் வழக்கமான வாழ்வில் இவற்றை அஞ்ச வேண்டியதில்லை. பரிசோதனை அட்டையில் முதலில் பார்க்க வேண்டிய வேறுபாடு இதுவே.

பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பெரும்பகுதி கரு ஹீமோகுளோபின், அதாவது ஹீமோகுளோபின் எஃப். அது எஸ் மூலக்கூறுகள் இழையாகக் கோத்துக்கொள்வதைத் தடுக்கும். அதனால்தான் நோயுள்ள குழந்தையும் பிறக்கும்போது மற்றக் குழந்தைகளின் எடையோடு பிறக்கிறது, முதல் சில மாதங்கள் எந்தக் குறையும் தெரியாமல் கழிகின்றன. ஆறு மாதத்தை நெருங்கும்போது எஃப் குறைந்து எஸ் அந்த இடத்தைப் பிடிக்கிறது. நோயின் கடிகாரம் அப்போதுதான் ஓடத் தொடங்குகிறது.

மண்ணீரலுக்கு முதல் அடி ஏன்?

இடது விலா எலும்புகளுக்குப் பின்னால் இருக்கும் மண்ணீரல் இரத்தத்தை வடிகட்டும் உறுப்பு. கிழடான சிவப்பணுக்கள் மிகக் குறுகிய பிளவுகளின் வழியே நுழைந்து வெளியேற முடிகிறதா என்று அது சோதித்துப் பார்க்கிறது. வளைந்து கொடுக்க முடியாதவற்றைப் பிடித்து அழிக்கிறது. இதற்காகவே அங்கே இரத்தம் மெதுவாக ஓடுகிறது. ஆக்சிஜன் குறைவு, அமிலத்தன்மை சற்று மிகுதி. ஹீமோகுளோபின் எஸ் இழையாவதற்கு இதைவிட ஏற்ற இடம் உடலில் இல்லை. விறைத்த அணுக்கள் பிளவுகளில் சிக்கி, பின்னால் வரும் இரத்தத்தையும் அடைத்துக்கொள்கின்றன.

மண்ணீரலுக்கு இன்னொரு பணியும் உண்டு. நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா பி வகை, மெனிங்கோகாக்கஸ் போன்ற, வெளியே வழுக்கும் உறை கொண்ட கிருமிகளை இரத்தத்திலிருந்து அகற்றுவதில் அதற்கு ஈடான உறுப்பு வேறு இல்லை. இவற்றுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்களை இன்னும் போதுமான அளவில் உருவாக்கிக்கொள்ளாத சின்னக் குழந்தை முழுக்க முழுக்க மண்ணீரலையே நம்பியிருக்கிறது. அந்த வயதில்தான் இந்த நோய் மண்ணீரலைச் செயலிழக்கச் செய்கிறது.

ஒரே உறுப்பு, நான்கு சிக்கல்கள்

1. செயலிழப்பு. உறுப்பு இருக்கும், கையால் தொட்டால் தட்டுப்படவும் செய்யும், ஆனால் வடிகட்டாது. முதல் பிறந்தநாளுக்குள்ளேயே பெரும்பாலான குழந்தைகளிடம் இதன் அடையாளங்கள் தெரிந்துவிடுகின்றன. நலமான மண்ணீரல் அகற்றியிருக்க வேண்டிய, ஹவல்-ஜாலி என்ற, உட்கருவின் எச்சமான சிறு துகள்கள் சிவப்பணுக்களில் தங்கியிருப்பதை நுண்ணோக்கியில் காணலாம்.

2. திடீர்த் தேக்கம். இரத்தம் மண்ணீரலுக்குள் போகிறது, வெளியே வருவதில்லை. சில மணி நேரத்தில் உறுப்பு வீங்கி, குழந்தை வெளிறி, சோர்ந்து, மூச்சு வாங்கி, இரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலைக்குச் செல்கிறது. ஹீமோகுளோபின் வழக்கமான அளவிலிருந்து டெசிலிட்டருக்கு 2 கிராமோ அதற்கு மேலோ இறங்குவதும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவதும், மண்ணீரல் பெரிதாவதும் இதன் அடையாளங்கள். பெரும்பாலும் மூன்று மாதம் முதல் ஐந்து வயதுக்குள் வரும்; சாதாரணக் காய்ச்சலைத் தொடர்ந்தும் வரலாம். ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மீண்டும் வருகிறது. சிகிச்சை இரத்தம் ஏற்றுவதுதான் என்றாலும், அதைச் சிறுகச் சிறுகவே ஏற்ற வேண்டும். மண்ணீரலில் சிக்கியிருந்த அணுக்கள் விடுபட்டுத் திரும்பும்போது இரத்தம் அளவுக்கு மீறித் தடித்துப்போகும் என்பதே காரணம்.

3. மிகைச் செயல். பெரிதான மண்ணீரல் மாதக்கணக்கில் அப்படியே இருந்து, வரும் சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் ஓயாமல் அழிக்கிறது. கிருமிகளை வடிகட்டத் தெரியாமல் போன உறுப்பு, இரத்த அணுக்களை அழிப்பதை மட்டும் விடாமல் செய்வது விந்தையாகத் தோன்றலாம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் ஒரே நேரத்தில் இருப்பது உண்மை.

4. சுருக்கம். அடைப்புகளால் திசு திரும்பத் திரும்பச் செத்து, தழும்பாகி, கடைசியில் மண்ணீரல் ஒரு சிறு நார்க்கட்டியாக ஒடுங்கிவிடும். அறுவை இல்லாமலே உறுப்பு இல்லாமல் போவதற்குச் சமம் இது.

கிங்ஸ்டன் தாய்மார்களின் கை

இரண்டாவதாகச் சொன்ன திடீர்த் தேக்கத்தைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள விக்டோரியா ஜூபிலி மருத்துவமனையில் 1973 முதல் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளைப் பரிசோதித்து, நோயுள்ளவர்களைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். அந்தப் பணியை வழிநடத்தியவர் கிரஹாம் சர்ஜன்ட். தொடக்க ஆண்டுகளில் திடீர்த் தேக்கம் குழந்தைகளைக் கொன்றது; பல குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும் முன்பே இறந்துபோயின. விலையுயர்ந்த கருவிகளைத் தேடிப்போகாமல், தாய்மார்களுக்கு ஒரு செயலைக் கற்றுக்கொடுத்தார்கள்: பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே தினமும் மென்மையாக விரல் வைத்துப் பார்ப்பது, வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால் காத்திராமல் மருத்துவமனைக்கு வருவது.

1985-இல் வெளியான அந்த ஆய்வின்படி, முன்பு நூறு நிகழ்வுகளில் ஏறத்தாழ 29 உயிரிழப்பில் முடிந்திருந்த நிலை மாறி, பின்னர் அது 3 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் பதிவான நிகழ்வுகளின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் கூடியது. நோய் அதிகமானதாக இதைப் படித்தால் தவறு. முன்பு யார் கண்ணிலும் படாமல் போனவை, தாய்மார்களின் விரலில் இப்போது தட்டுப்படத் தொடங்கின. ஒரு நோயின் போக்கை வீட்டுத் திண்ணையில் வைத்து மாற்றிய இந்தச் செயல் நம் நாட்டின் ஒவ்வொரு அரிவாள் செல் குடும்பத்துக்கும் கற்பிக்கப்பட வேண்டும் என்று அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

கற்பிக்கும் முறை எளியது. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, தொப்புள் பக்கத்திலிருந்து இடது விலாவை நோக்கி விரல்களை மெதுவாக நகர்த்த வேண்டும். விலா ஓரத்துக்குக் கீழே எத்தனை விரற்கடை நீண்டிருக்கிறது என்பதைப் பிள்ளை நலமாக இருக்கும் நாளில் தெரிந்து வைத்துக்கொள்வதே முக்கியம். நலமான நாளின் அளவு தெரியாதவருக்கு, இன்றைய அளவு எதையும் சொல்லாது.

இந்தியப் பிள்ளைகளும் பாடநூலும்

நம் நாட்டில் இந்த மரபணு முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே இதைப் பதிவு செய்தார்கள். அதன்பின் ஒடிசா, சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், குஜராத், வயநாடு என இதன் பரவல் தெரியவந்தது. ஆனால் உலகம் முழுவதும் படிக்கப்படும் பாடநூல்கள் ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைகளைக் கண்டே எழுதப்பட்டவை. "ஐந்து வயதுக்குள் மண்ணீரல் சுருங்கிவிடும்" என்ற வாக்கியம் அவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

இந்தியாவில் பரவலாகக் காணப்படும் மரபணுப் பின்னணி 'அரபு-இந்திய வகை' எனப்படுகிறது. இதைக் கொண்டவர்களின் இரத்தத்தில் கரு ஹீமோகுளோபின் குழந்தைப் பருவத்துக்குப் பிறகும் கூடுதலாகவே நீடிக்கிறது. ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலி உற்பத்தியைக் குறைக்கும் ஆல்ஃபா தலசீமியா மரபணுவும் பலருக்குக் கூடவே இருக்கிறது. ஒடிசாவின் நோயாளிகளை ஜமைக்காவினரோடு ஒப்பிட்டு 1986-இல் வெளியான ஆய்வு இந்த இரண்டையும் காட்டியது. எஃப் கூடுதலாக இருப்பதால் மண்ணீரல் அழிவது தாமதமாகிறது. விளைவாக, எட்டு, பத்து, பதினைந்து வயதிலும் வயிற்றில் பெரிய மண்ணீரலோடு வரும் பிள்ளைகளை இங்கே காண்கிறோம்.

இதிலிருந்து இரண்டு தவறான முடிவுகள் பிறக்கின்றன. "இந்திய வகை லேசானது, கவலை வேண்டாம்" என்பது ஒன்று. மண்ணீரல் நீடிப்பதால், மேலே சொன்ன மிகைச் செயலும் திடீர்த் தேக்கமும் வரும் வயதும் நீள்கிறது. ஆறு வயதைத் தாண்டிவிட்டதால் ஆபத்து நீங்கியதாக இங்கே சொல்ல முடியாது. "மண்ணீரல் கையில் படுகிறதே, அப்படியானால் வேலை செய்கிறது" என்பது மற்றொன்று. பெரிதான மண்ணீரல் கிருமிகளை வடிகட்டும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மலேரியா பரவும் வட்டாரங்களில் மண்ணீரல் பெரிதாக அதுவும் காரணமாகலாம் என்பதால், காய்ச்சலோடு வரும் பிள்ளைக்கு மலேரியா பரிசோதனையும் தேவை. தாங்கிகளுக்கு மலேரியாவிடமிருந்து ஓரளவு காப்பு உண்டு என்பது உண்மை. நோயுள்ள பிள்ளைக்கோ மலேரியா உயிருக்கே ஆபத்து.

வளர்ச்சி எங்கே தடைப்படுகிறது?

பிறந்தபோது சரியான எடை; ஆறு மாதத்துக்குப் பின் வளர்ச்சிக் கோடு மெல்லத் தாழத் தொடங்குகிறது. எடை முதலில் பின்தங்கும், உயரம் அதைத் தொடரும். பள்ளியில் தன் வயதுப் பிள்ளைகளின் தோளுக்கு இவன் தலை வருகிறது. அங்கன்வாடிப் பதிவேட்டில் இது வெறும் 'ஊட்டச்சத்துக் குறைவு' என்று எழுதப்பட்டு, தாய் சரியாகச் சோறூட்டவில்லை என்ற பழியோடு முடிந்துவிடுவது கொடுமை. உணவுக் குறைவும் சேர்ந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் போதிய உணவு உண்ணும் பிள்ளையும் இந்த நோயில் வளராமல் இருக்கக் காரணங்கள் உண்டு:

1. எலும்பு மஜ்ஜையின் ஓயாத உழைப்பு. 120 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அணுக்களை 10, 20 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதால், மஜ்ஜை பல மடங்கு உற்பத்தி செய்கிறது. அதற்கான புரதமும் ஆற்றலும் வளர்ச்சிக்குப் போக வேண்டிய பங்கிலிருந்தே எடுக்கப்படுகின்றன. படுத்துக்கிடக்கும்போதும் இந்தப் பிள்ளையின் உடல் மற்றப் பிள்ளைகளைவிட அதிக ஆற்றலைச் செலவிடுகிறது. சோகையை ஈடுகட்ட இதயம் கூடுதலாகத் துடிப்பதும் இந்தச் செலவில் சேரும்.

2. மண்ணீரலின் பங்கு. மிகைச் செயல் கொண்ட மண்ணீரல் அணுக்களின் ஆயுளை இன்னும் குறைக்கிறது; மஜ்ஜையின் சுமை மேலும் ஏறுகிறது. ஜமைக்காவில் இத்தகைய பிள்ளைகளை அளந்தபோது, அவர்களின் ஆற்றல் செலவும் புரதச் சுழற்சியும் மற்ற அரிவாள் செல் பிள்ளைகளைவிடவும் கூடுதலாக இருந்தன. மண்ணீரல் அகற்றப்பட்ட பின் அவை குறைந்தன, வளர்ச்சியும் வேகம் பிடித்தது. பெரிய மண்ணீரல் இரைப்பையை நெருக்குவதால் நான்கு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுவதும் உண்டு.

3. பசியின்மை. வலி வந்த நாட்களிலும் காய்ச்சல் நாட்களிலும் பிள்ளை சாப்பிடுவதில்லை. மாதத்தில் ஒரு வாரம் இப்படிக் கழிந்தால் மற்ற மூன்று வாரம் அதை ஈடுகட்டப் போதாது.

4. நுண்சத்துகள். இந்த நோயில் துத்தநாகம் சிறுநீரில் கூடுதலாக வெளியேறுகிறது. டெட்ராய்ட்டில் பணியாற்றிய ஆனந்த பிரசாத், இந்தக் குறைவுக்கும் வளர்ச்சி, பருவமடைதல் தாமதங்களுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியவர். 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் துத்தநாகம் ஓராண்டு கொடுத்த அமெரிக்க ஆய்வில் உயரம் சற்றுக் கூடுதலாக வளர்ந்தது. புது அணுக்கள் உருவாக ஃபோலிக் அமிலமும் தேவை. இரும்புச்சத்து மாத்திரையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: சோகை என்றதும் கொடுப்பது அதுதான், ஆனால் இந்தச் சோகை இரும்புக் குறைவால் வந்ததல்ல, அடிக்கடி இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடலில் இரும்பு மிகுந்தே இருக்கலாம். இரும்பின் அளவைப் பரிசோதித்துக் குறைவு உறுதியான பின்னரே அதைக் கொடுக்க வேண்டும்.

எனவே வளர்ச்சி அட்டையும் மண்ணீரல் அளவும் ஒரே பக்கத்தில் பதிவாக வேண்டும். மண்ணீரல் நீளும் மாதங்களில் எடை நின்றுபோகிறதா என்று பார்த்தாலே, இரண்டாவது காரணம் எவ்வளவு வலுவானது என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடும். தனித்தனிப் பதிவேடுகளில் கிடக்கும் அந்த இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று விளக்குபவை.

கையில் உள்ள காப்புகள்

அமெரிக்காவில் 3 மாதம் முதல் 3 வயதுக்குட்பட்ட 215 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1986-இல் வெளியானது. தினம் இருவேளை பென்சிலின் பெற்ற 105 குழந்தைகளில் இருவருக்கும், பெறாத 110 குழந்தைகளில் 13 பேருக்கும் நிமோகாக்கஸ் இரத்தத் தொற்று வந்தது. பெறாதவர்களில் மூவர் இறந்தனர். பயன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை எட்டு மாதம் முன்னதாகவே நிறுத்தினார்கள். அதிலிருந்து ஐந்து வயது வரை தினம் இருவேளைப் பென்சிலின் என்பது வழக்கமானது. பிள்ளை நன்றாக இருக்கும் நாட்களிலும் கொடுக்க வேண்டிய மருந்து என்பதால், வீடுகளில் இதுதான் முதலில் விட்டுப்போகிறது.

தடுப்பூசியில் நிலைமை முன்பைவிட நல்லது. ஹீமோஃபிலஸ் பி வகைக்கான ஊசி, ஐந்து நோய்த் தடுப்பூசியின் பகுதியாக, நாட்டிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வந்தது. நிமோகாக்கஸ் ஊசி 2021-இல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் எனப் போடப்படுகிறது. அரிவாள் செல் பிள்ளைக்கு இவை போதாது. இரண்டு வயதுக்குப் பின் 23 வகைகளுக்கு எதிரான நிமோகாக்கஸ் ஊசி, மெனிங்கோகாக்கஸ், டைஃபாய்டு ஊசிகள் ஆகியவற்றைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசியும் மருந்தும் இருந்தாலும், 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல் இந்தப் பிள்ளைக்கு அவசரநிலை. வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்கும் அந்த ஓர் இரவில் உயிர் போய்விடக்கூடும்.

ஹைட்ராக்ஸியூரியா கரு ஹீமோகுளோபினைக் கூட்டும் மருந்து. 9 முதல் 18 மாதக் குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, இது மண்ணீரலைக் காப்பாற்றும் என்று எதிர்பார்த்தே தொடங்கியது. அதை நிறுவ முடியவில்லை. ஆனால் வலியும் கைகால் விரல் வீக்கமும் வெகுவாகக் குறைந்தன, வளர்ச்சிக்கும் தீங்கு வரவில்லை. 'இந்த மருந்து பிள்ளையைக் குட்டையாக்கிவிடும்' என்ற அச்சத்தில் நிறுத்துபவர்கள் இந்த முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மண்ணீரலை எப்போது அகற்றுவது?

கடுமையான திடீர்த் தேக்கம் ஒருமுறை வந்தாலோ, மிதமானது இரண்டு முறை வந்தாலோ, மிகைச் செயலால் அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய மண்ணீரலோடு வளர்ச்சி நின்றுபோனாலோ அறுவை பற்றிப் பேச்சு எழுகிறது. "இருக்கும் எதிர்ப்புச் சக்தியும் போய்விடாதா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பெரும்பாலும் அந்தச் சக்தி முன்பே போயிருக்கும். இருந்தாலும், எஃப் கூடுதலாக உள்ள பிள்ளைகளில் சிலரிடம் கொஞ்சம் செயல் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குள் அறுவையைத் தவிர்க்கவும், இயன்றால் ஐந்து வயது வரை தள்ளவும் மருத்துவர்கள் முயல்கிறார்கள். தேவையான ஊசிகள் அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதன் பின்னும் பென்சிலின் தொடரும்.

பருவமடைதல்

உயரத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு எலும்பு வயதும், அதாவது எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முதிர்ச்சியும், பின்தங்கியே இருக்கும். பெண்கள் பூப்பெய்துவதும் ஆண்களுக்குக் குரல் உடைவதும் ஓரிரு ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் தாமதமாகிறது. உடன் படிப்பவர்கள் வளர்ந்துவிட்ட பின் தான் மட்டும் சிறு பிள்ளையாக நிற்கும் துன்பத்தை, நோயின் வலியைவிடப் பெரிதாகச் சொல்லும் பதின்வயதினர் இருக்கிறார்கள்.

இங்கேயும் எலும்பு வயதுதான் விடை தருகிறது. மணிக்கட்டு எக்ஸ்ரேயில், நீளும் எலும்பு முனைகள் இன்னும் மூடாமல் இருந்தால், வளர்ச்சிக்கான காலம் மிச்சமிருக்கிறது. தாமதமாகத் தொடங்கினாலும் கூடுதல் ஆண்டுகள் வளர்வதால், ஜமைக்காவிலும் அமெரிக்காவிலும் கவனிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெரியவர்களானபோது மற்றவர்களின் உயரத்தை எட்டினார்கள். பதினாறு வயதுப் பையனின் படத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குரிய எலும்பு தெரிந்தால், அந்தப் படத்தை அவனிடமே காட்டி, மூடாத அந்த இடைவெளி எது என்பதை மருத்துவர் விரல் வைத்து விளக்கலாம். பதினான்கு வயதாகியும் பருவ மாற்றத்தின் எந்த அறிகுறியும் தோன்றாத பையனுக்கும், பதின்மூன்று வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காத பெண்ணுக்கும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் ஆலோசனை தேவை. அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது வளர்ச்சி அட்டையோடு மண்ணீரல் அளவுகளின் பதிவையும் எடுத்துச் செல்ல வேண்டும்.